கொள்ளை மலிவில் ஒரு வீட்டு வண்டி

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நமது பாசஞ்சர் வண்டி, நெய்யாற்றின்கரையைக் கடந்து பாலராமபுரத்தை நெருங்கும் வேளையில் வெளிச் சிக்னலில் நின்றுவிட்டது. ரயில்வேயில் ஊழியம் செய்வோருக்கு இவ்விதம் நிற்பது புதிதன்று. பொழுது போகாமல் சன்னல் வழியே நோக்கினோம். தென்னந்தோப்பின் ஓரத்தில் நீலமும் வெள்ளையும் பூசிய பழைய வேன் ஒன்று நின்றிருந்தது. அதன் சன்னல்களில் பூப்போட்ட திரைகள் தொங்கின. கூரையின்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு கட்டிலின் கால்மாடு தெரிந்தது. முன்கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்த அட்டையில், ‘வீட்டு வண்டி விற்பனைக்கு, ரூ. 90,000’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது.

தொண்ணூறாயிரம்! ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலைக்குக் கட்டிலும் அடுப்பும் கூடிய ஒரு வண்டி. சிக்னல் விழுந்து ரயில் புறப்பட்டுவிட்டது. நம் மனம் மட்டும் தோப்பிலேயே நின்றுவிட்டது.

இக்கட்டுரையில் ‘நாம்’ என்பது மூன்று குடும்பத்தாரைக் குறிக்கும். ரயில்வேக் குமாஸ்தாவாகிய இதனை எழுதுவோனின் குடும்பம் ஒன்று. சாலைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் குடும்பம் ஒன்று. கரமனையில் அப்பளமும் வடகமும் இட்டு விற்கும் அக்காவின் குடும்பம் மற்றொன்று. ஆக ஒன்பது பேர். மூவருக்கும் பூர்வீகம் தாமிரபரணிக் கரை; குலதெய்வம் ஒரே சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று எங்கிருந்தாலும் தத்தம் சாஸ்தா கோயிலுக்குச் சென்று சேர்வது நெல்லைச் சீமையாரின் வழக்கம் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் கோயிலோ மலையடிவாரத்தில், காட்டு ஓரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் ஆயிரம் பேர் கூடும் இடம். மற்ற நாட்களில் பூசாரியையும் குதிரைச் சிலைகளையும் தவிர வேறெவரும் இல்லாத இடம். இரவு தங்கச் சத்திரம் கிடையாது. மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் பொங்கி உண்டு படுக்க வேண்டும். ஆண்களுக்கு அது வேடிக்கை. பெண்டிர் படும் சங்கடத்தை அவர்கள் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவே.

அண்ணாச்சியின் தாயாருக்கு வயது 78. நம் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கும் அவர்தான் ஆச்சி. முந்திய ஆண்டு உத்திரத்துக்குச் சென்றபோது, ராத்திரி இருட்டில் ஒதுங்கப் போன இடத்தில் தடுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, நாற்பது நாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ‘இனி நான் வரவில்லை, என் சாஸ்தாவை இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்று அவர் கூறியது அண்ணாச்சியின் மனத்தில் முள்ளாய்த் தைத்திருந்தது. ரயிலில் ஒன்பது பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிற்று. கவுண்டருக்கு உள்ளே உட்காருபவன் என்பதனால் நமக்குத் தனி இடம் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

ஆகவே படுக்கையோடும் மறைவிடத்தோடும் ஒரு வண்டி என்றதும் மூன்று வீட்டிலும் ஒரே பேச்சாயிற்று. பத்து ஆண்டுகளாக நமக்குள் நடத்திவந்த சீட்டுப் பணம் 1,20,000 ரூபாய் கைவசம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டுவிட்டோம்.

அருகில் சென்று பார்த்தபோது அது டெம்போ மாட்டடார் வேன் எனத் தெரிந்தது. நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் இவ்வண்டியில் ஒருமுறையேனும் ஏறியிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் சுமந்ததும் இதுவே. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியார் 1949இல் மாட்டடார் என்ற பெயரில் வண்டி செய்யத் தொடங்கினர். முதலில் அதற்குப் பூட்டப்பட்டது வோக்ஸ்வாகன் எஞ்சின். பிற்காலத்து ஜெர்மன் வடிவம் ஒன்றைப் புனே நகரத்து பஜாஜ் டெம்போ கம்பெனியார் 1969 முதல் நம் நாட்டில் செய்து விற்றனர். இக்கம்பெனியே 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. மாட்டடாரில் எஞ்சின் முன்சக்கரத்தையே சுழற்றுகிறது. பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட தண்டு தரைக்கடியில் கிடையாது. ஆதலால் தரை தாழ்ந்து, உள்ளே நிற்க இடம் கூடுதல். கட்டில் போடுவதற்கு இதைவிட வாய்ப்பான பழைய வண்டி நம் நாட்டில் அரிது. அதை முதன்முதலில் வீடாக்க நினைத்தவர் யாரோ, மூளையுள்ளவர்தாம்.

உள்ளே இரண்டு கட்டில்கள் நீளவாட்டில் இருந்தன. நடுவில் மடக்கு மேசை. மூலையில் அடுப்புக்கு ஒரு கல் பலகை. பின்புறம் தகரத்தால் தடுத்த ஒரு சிறு அறை. அதில் கழிப்பிடத் தொட்டி. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். அவர் எதை நினைக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

விற்பவர் சுமார் ஐம்பது வயதினர். நெசவுத் தொழில் செய்தவர். உடனிருந்த தரகர் நம் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். “அண்ணா, கோவளத்தில் இதைப்போல் வண்டிக்கு வெள்ளைக்காரன் லட்சக்கணக்கில் கொடுப்பான். இது பழம்பொருள் அண்ணா, வின்டேஜ்!” என்றார். நாளைக்கே வேறொருவர் வருகிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லாத் தரகரிடத்தும் நாளைக்கு வரும் ஒருவர் இருக்கிறார். இது தெரிந்திருந்தும் அன்று மாலையே 20,000 ரூபாயை அச்சாரமாகக் கொடுத்தோம். கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டைப் பெற்றுக்கொண்டோம்.

தரகர் கோவளத்தின் பெயரை எடுத்தது வீண் அன்று. வீட்டு வண்டி என்றதும் உலகம் நினைப்பது வோக்ஸ்வாகன் வேனையே. ஹாலந்து தேசத்து வியாபாரி பென் போன் என்பவர் 1947 ஏப்ரல் 23ஆம் நாள் தம் குறிப்புப் புத்தகத்தில் கிறுக்கிய பெட்டி வடிவப் படம்தான் அதன் பிறப்பு. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிற்று. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் கம்பெனியார் கட்டிலும் அலமாரியும் அமைத்து விற்கத் தொடங்கினர். பிரேசில் நாட்டில் 2013 வரை இதன் இரண்டாம் தலைமுறை வண்டி செய்யப்பட்டது. 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இத்தகைய வண்டிகளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியாவுக்கு வந்தனர். சிலர் கோவளம் கடற்கரை வரை வந்து தங்கினர். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படையெடுப்பும் நேர்ந்ததும் அவ்வழி அடைபட்டது.

‘அக்காலத்தில் வெள்ளைக்காரன் கைச்செலவுக்கில்லாமல் வேனைச் சொற்பத்துக்கு விற்றுவிட்டுப் போவான்’ என்று முதியோர் கூறுவதுண்டு. அம்மலிவும் கேட்க இனியதே. அவ்வண்டிகள் ‘கார்னே’ எனப்படும் சுங்கப் புத்தகத்தின் பேரில், தீர்வை கட்டாமல் தற்காலிகமாக உள்ளே வந்தவை. ஒவ்வோர் எல்லையிலும் அப்புத்தகத்தில் வரவுக்கும் போக்குக்கும் முத்திரை விழவேண்டும். திரும்பிப் போகாத வண்டிக்கு முழுத் தீர்வையும் கட்டியாக வேண்டும். ஆகவே சொற்பத்துக்கு வாங்கியவன் வாங்கியது வண்டியை மட்டுமன்று, கட்டப்படாத தீர்வையையும் சேர்த்துத்தான். இன்று அப்பழைய வேன்கள் மேல்நாட்டில் பொன்விலை போகின்றன. 1963ஆம் ஆண்டு வண்டி ஒன்று 2011இல் அமெரிக்க ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்குமேல் விற்றது. அத்தகைய விலைச் செய்திகள்தாம் நம் ஊர்த் தென்னந்தோப்புத் தரகர்களின் வாயிலும் புகுந்து விளையாடுகின்றன.

அச்சாரம் கொடுத்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பகல் முழுதும் ரசீதும் முத்திரையும் பார்க்கும் வேலை நம்முடையது. கட்டிலைப் பார்த்தோம், அடுப்பைப் பார்த்தோம், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோமேயன்றிப் படித்தோமில்லை என்பது நள்ளிரவில் உறைத்தது. மறுநாள் அதன் நகலைக் கேட்டு வாங்கினோம்.

வண்டி 1986இல் தமிழ்நாட்டில் பதிவானது. 1989க்கு முந்திய முறைப்படி மூன்று ஆங்கில எழுத்துடன் கூடிய எண். அதைப் பரிவாகன் இணையதளத்தில் இட்டுத் தேடினோம். வண்டி எண்ணை இட்டால் எத்தனையாவது உடைமையாளர், தகுதிச் சான்று எந்நாள்வரை, இன்ஷூரன்ஸ் எந்நாள்வரை, கடன் உண்டா என்பவை தெரியும் இடம் அது. பழைய வண்டி வாங்க நினைப்போர் தேநீர் குடிக்குமுன்னர் இதைச் செய்துவிடலாம். நம் எண்ணுக்கு வந்த விடை, அப்படியொரு வண்டியே பதிவில் இல்லை என்பது. பழைய பேரேடுகளிலிருந்து கணினிக்கு ஏற்றப்படாத வண்டிகள் இவ்வாறு விடுபட்டிருக்கக் கூடும். பதிவு செய்த ஆபீசுக்கே போய், மூலப் பேரேட்டைத் தேடி எடுத்து ஏற்றச் செய்ய வேண்டும்.

புத்தகத்தில் வண்டியின் வகை ‘சரக்கு வேன்’ என்றிருந்தது. ஓட்டுநரையும் சேர்த்து இருக்கை மூன்று. நாமோ ஒன்பது பேர்! உடைமையாளர் பெயர் நம்மிடம் விற்க வந்தவருடையது அன்று. விசாரித்ததில், பெயருக்குரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயினவாம். அவரிடம் வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அவரிடம் வாங்கியவரும் மாற்றவில்லை. நம் நெசவாளர் மூன்றாமவர். இறந்தவர் உயிருடன் இருந்த காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று 29ஆம், 30ஆம் படிவங்கள் கைமாறிக் கைமாறி வந்திருந்தன. உடைமையாளர் காலமானால் வாரிசுதாரர் 31ஆம் படிவத்தின் மூலமே பெயர் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்வதாயின், பதிவு செய்த ஆபீசிலிருந்து 28ஆம் படிவத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று பெற்று, இங்கே வரி கட்டி, புது எண் பெற வேண்டும். எல்லையின் இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் நம்மவர் பலர் களியக்காவிளைக்கு அப்பால் மலிவு என்று வண்டி வாங்கி இதில் இடறுகிறார்கள்.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் என்ன என்று அக்காவின் கணவர் கேட்டார். ஓடும்வரை ஒன்றுமில்லை. விபத்து நேர்ந்தால், பேரேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளராகக் கருதப்பட்டு ஈட்டுத்தொகைக்குப் பொறுப்பாவார் என உச்சநீதிமன்றம் 2018இல் கூறியுள்ளது. இங்கே அவர் இறந்துபோனவர். சரக்கு வேனில் ஒன்பது பேரை ஏற்றிச் சென்றதற்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும்?

இதற்குமேல் நேமத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் நம் சங்கத்து இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றோம். (நேமம் ரயில் நிலையம் 2024இல் திருவனந்தபுரம் தெற்கு எனப் பெயர் மாறியது, நம் வாயில் இன்னும் நேமம்தான் வருகிறது.) அவர் எஞ்சினைத் தொடவேயில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைச் சேஸிஸ் சட்டத்தின்மேல் வைத்துப் பென்சிலால் தடவினார்; பொறித்திருந்த எண் தாளில் எழும்பி வந்தது. புத்தகத்தில் கடைசி இரண்டு இலக்கம் 17. தாளில் 71. எழுதிய குமாஸ்தாவின் கைப்பிழையாயிருக்கலாம். குமாஸ்தாக்களின் கைப்பிழையை நாம் அறிவோம். வேறு வண்டியின் சட்டமாகவும் இருக்கலாம். எதுவாயினும் ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது இரண்டும் ஒன்றே. பின்னர் அவர் ஸ்குரூ டிரைவரால் தரையை ஓரிடத்தில் மெல்லக் குத்தினார். அது தரையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. துருவின்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எஞ்சின், பிரேக் வேலைக்கு 60,000, டிங்கரிங்குக்கு 45,000, ஐந்து டயருக்கு 25,000 என்று கணக்குச் சொன்னார். தொண்ணூறாயிரம் வண்டி இரண்டு லட்சத்து இருபதாயிரம் ஆயிற்று. அதுவும் தெருவில் இறக்க உரிமையில்லாமல்.

கட்டிலும் அடுப்பும் வைத்ததுதானே, அதிலென்ன குற்றம் என்று தரகர் வாதாடினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் அமைத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், டெம்போ டிராவலர் ஒன்றை வீடாக்கி ஊர் ஊராகச் சென்று படம்பிடித்துப் பெயர் பெற்றிருந்த சகோதரர் இருவரின் வண்டியை மோட்டார் வாகனத் துறையார் கைப்பற்றியதும், அதன்மேல் எழுந்த ஆரவாரமும் பலர் நினைவில் இருக்கும். சொந்த உபயோகத்துக்கான முகாம் வண்டி என ஒரு வகை சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. முறைப்படி செய்து ஒப்புதல் பெற்றால் தடையில்லை. கேரள அரசும் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் இத்தகைய வண்டிகளுக்கெனச் சுற்றுலாக் கொள்கை வகுத்தது. ஆனால் தோப்பில் தகரம் அடித்துக் கட்டிய அறை அதில் அடங்காது.

‘வின்டேஜ்’ என்ற சொல்லாவது கைகொடுக்குமா என்றும் பார்த்தோம். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்கே அப்பெயர். ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000. நம் மாட்டடாருக்கு வயது 39, வடிவமும் மாறியது. ஐம்பது ஆனாலும் பயனில்லை. அத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் பழவண்டி ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். நாள்தோறும் ஓட்டக் கூடாது. சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தை ஏற்றிப் போவது எந்தக் கண்காட்சியில் சேரும்?

நாம் விலகிய சில மாதங்களில், 2025 செப்டம்பர் 23ஆம் நாள், கொச்சிச் சுங்கத் துறையார் ‘நும்கோர்’ என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தினர். பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வண்டி என்று பொருளாம். பூட்டானில் கழித்து ஏலம் விட்ட வண்டிகளை எல்லை கடத்திப் போலி ஆவணங்களுடன் பதிவு செய்து இங்கே விற்றார்கள் என்பது சுங்கத்தாரின் குற்றச்சாட்டு. முதல் நாளில் 36 வண்டிகள் கைப்பற்றப்பட்டன. பெரிய இடத்து மனிதர் வாசலிலும் சோதனை நடந்தது. அச்செய்தியைப் படித்தபோது நமக்குச் சிறிது ஆறுதலாயிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அச்சாரத்தைத் திரும்பக் கேட்கச் சென்ற நாள் இனிய நாளன்று. தரகர் தம் பங்கு 3,000ஐ எடுத்துக்கொண்டுவிட்டதாகக் கூறிப் பின்னர் முகத்தையே காட்டவில்லை. நெசவாளர் வாசலில் நின்று, “சாரே, நானும் எழுபதினாயிரம் கொடுத்துத்தான் இதை வாங்கினேன். அன்று எனக்கு யாரும் பென்சில் போட்டுக் காட்டவில்லை” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் நம்மால் உரத்துப் பேச இயலவில்லை. 12,000 கொடுத்தார். மிச்சம் 5,000ஐ மெல்லத் தருவதாகச் சொன்னார். அண்ணாச்சி, ‘போகட்டும், அவரும் நம்மைப்போல் ஏமாந்தவர்தானே’ என்றார். அக்காவோ, “ஐயாயிரத்துக்கு எத்தனை அப்பளம் என்று தெரியுமா அண்ணாச்சி? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

உத்திரத்துக்கு வாடகை டிராவலர் ஒன்றை இரண்டு நாளைக்கு அமர்த்தினோம். புறப்படும் காலையில் ஆச்சி கைப்பையோடு வந்து முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். “கட்டில் வண்டி வருமென்றார்களே, எங்கே?” என்று கேட்டார். அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். “ஏலே, கட்டில் இல்லாட்டாப் போகுது, வண்டிக்குச் சொந்தக்காரன் உசிரோடு இருக்கானா, அதைச் சொல்லு” என்றார் ஆச்சி. ஓட்டுநர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி தம் கடையில் திரைச்சீலைத் துணியில் நான்கு பக்கமும் மறைக்கும் ஒரு கூடாரம் தைத்து எடுத்துவந்திருந்தார். மூங்கில் நட்டுக் கட்டியதும் பெண்டிருக்கு மறைவிடமாயிற்று. உள்ளே வைக்க மடக்கு நாற்காலியும் வாளியும். செலவு 1,400 ரூபாய். அன்றிரவு பக்கத்துக் குடும்பத்துப் பெண்களும் வந்து இரவல் கேட்டார்கள்.

நீல வேன் ஆடி மாதம்வரை தோப்பில் நின்றது. ரயிலில் போகும்போதெல்லாம் அட்டையைப் பார்ப்போம். 90,000 என்பது 65,000 ஆகிப் பின் 40,000 ஆயிற்று. ஆவணியில் அது இல்லை. எடைக்குப் போட்டு ஆக்ரிக் கடைக்காரர் கொண்டுபோனாரோ, வேறொரு குடும்பம் அச்சாரம் கொடுத்ததோ, அறியோம். 5,000 ரூபாயில் 2,000 வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பளம் உலர்த்தி முடித்தபின், அக்கா நெசவாளருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்.